மீன் தலைக்குள் இருக்கும் கல்லை வைத்து வயது சொல்ல முடியுமா?

பினாங்கு தூண்டில் | ஞாயிறு இரவு 9.40

வணக்கம். பூலாவ் கென்டி தீவுப் பக்கம் பிடித்த ஒரு ஜெனாஹாக்கின் (ஸ்னாப்பர் வகைக் கடல் மீன்) தலையை வீட்டில் கறி வைத்தோம். சாப்பிடும்போது மூளைக்குக் கீழே இரண்டு வெள்ளைக் கற்கள் கிடைத்தன. பட்டையாக, ஓரம் சொரசொரப்பாக, ஒரு பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளத்தோடு இருக்கின்றன. இதுதான் மீனின் காதுக்கல், இதில் உள்ள வளையங்களை எண்ணினால் வயது தெரியும் என்கிறார் மாமா.

மீன் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. படகில் வந்தவர்கள் நாலு வயது, மிஞ்சிப் போனால் ஐந்து என்றார்கள். கல்லை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், வளையம் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. குழம்பில் வெந்ததால் போய்விட்டதா? வேறு எப்படிப் பார்ப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிள்ளான் ரவி | ஞாயிறு இரவு 10.15

தம்பி, மரத்தில் வளையம் வருவதே குளிர்காலத்தால்தான். குளிரில் வளர்ச்சி நிற்கிறது, சூடு வந்ததும் மறுபடி தொடங்குகிறது, நடுவில் ஒரு கோடு விழுகிறது. நார்வே காட் மீனுக்கு அது பொருந்தும். பினாங்கு இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து ஐந்து டிகிரியில். வருடம் முழுக்கத் தண்ணீர் வெதுவெதுப்பு. எதை வைத்துக் கோடு விழும்? நம் கடல் மீனின் கல்லில் தெரிவது ஏதோ ஒரு கோடு. அதை வருடம் என்று சொல்ல என்ன ஆதாரம்?

கெலுகோர் கவிதா | திங்கள் காலை 7.50

ரவி அண்ணன் கேட்டதற்கு அப்புறம் வருகிறேன், அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். முதலில் கல். நான் சில காலம் ஓர் ஆய்வகத்தில் இந்தக் கற்களை அறுத்துத் தேய்த்து எண்ணும் வேலையில் இருந்தவள். இதைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

எலும்பு மீன்களின் உள்காதில் மூன்று ஜோடிக் கற்கள் உண்டு. சாஜிட்டா, லாப்பில்லஸ், அஸ்டெரிஸ்கஸ் என்று பெயர். பெரும்பாலான கடல் மீன்களில் பெரியது சாஜிட்டா, உங்களுக்குக் கிடைத்ததும் அதுதான். கால்சியம் கார்பனேட்டின் அரகோனைட் என்ற வடிவத்தால் ஆனது, ஊடே மெல்லிய புரதப் பின்னல். மீனின் உடம்பும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி. கல் அதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். ஒலி வரும்போது உடம்பு தண்ணீரோடு சேர்ந்து அசையும், கல் பின்தங்கும். அந்த வித்தியாசத்தில் கீழே இருக்கும் நுண்மயிர்கள் வளைவதைத்தான் மீன் சத்தமாக உணர்கிறது. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் இந்தக் கற்கள்தான் மீனுக்குச் சொல்கின்றன.

வயதுக்கு இது உதவக் காரணம் வேறு. செதிலிலும் எலும்பிலும் படிந்த கால்சியத்தை மீன் பட்டினி காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளும். செதில் உதிர்ந்தால் புதிதாக முளைக்கும், முளைத்த செதிலில் பழைய கணக்கு இருக்காது. காதுக்கல்லில் படிந்தது படிந்ததுதான், உடம்பு அதைத் தொடுவதில்லை. மீன் நீளமாக வளர்வது நின்ற பிறகும் கல்லின் மேல் அடுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கிழட்டு மீனைச் செதிலை வைத்துப் பார்த்தால் இளசாகத் தெரியும், கல்லை வைத்துப் பார்த்தால் உண்மை வயது வெளிவரும். 1759ஆம் ஆண்டிலேயே ஸ்வீடனில் ஹெடெர்ஸ்ட்ரோம் என்ற பாதிரியார் பைக் மீனின் முதுகெலும்பு வளையங்களை எண்ணியிருக்கிறார். காதுக்கல்லுக்கு வந்தது 1899இல், ஜெர்மனியின் ரைபிஷ் பிளேஸ் என்ற தட்டை மீனில் பார்த்தபோது.

தண்ணீரில் வெந்ததால் மட்டும் வளையம் அழியாது. புளிதான் கெடுதல். அமிலம் பட்டால் அரகோனைட் கரையும். மண்டைக்குள் மூடியே இருந்திருந்தால் கல் தப்பித்திருக்கும், குழம்பில் விழுந்து ஊறியிருந்தால் ஓரம் அரித்திருக்கலாம். ஓரம்தான் கடைசி வருடங்கள். அடுத்த முறை கறிக்கு முன்பே கல்லை எடுத்துவிடுங்கள்.

பத்து மாவுங் படகு | திங்கள் மதியம் 1.20

கல் எடுப்பதை நான் சொல்கிறேன். இரண்டு வழி. கண்ணுக்குக் கொஞ்சம் பின்னால், மண்டையின் மேலே கனமான கத்தியால் குறுக்கே வெட்டித் தலையை முன்பக்கம் மடக்கினால் மூளை தெரியும். அதற்கு அடியில் இடமும் வலமும் ஒவ்வொரு கல். தலையை விற்க வேண்டும், மேலே வெட்டுத் தெரியக்கூடாது என்றால் செவுளைத் தூக்கிவிட்டு அடியிலிருந்து போக வேண்டும். மண்டை ஓட்டின் அடிப்பக்கம் பின்னால் புடைத்த மாதிரி ஓர் எலும்பு இருக்கும். அதைச் சீவினால் கல் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

எந்த மீனில் எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். கெலாமாவுக்கு (கத்தாழை மீன்) உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிய கல். ஜெனாஹாக், ஈக்கான் மேரா (சிவப்பு ஸ்னாப்பர்), கெராப்பு (களவா) நல்ல கல். தெங்கிரி (வஞ்சிரம்), தொங்கோல் (சூரை) மாதிரி வேகமாக ஓடுகிற மீனுக்குக் கல் சின்னது, மெல்லிசு, விரல் பட்டாலே உடையும். ஈக்கான் டூரிக்கு உருண்டையாகப் பெரிய கல் இருக்கும். திருக்கையிலும் சுறாவிலும் நான் பார்த்ததே இல்லை.

கெலுகோர் கவிதா | திங்கள் மாலை 6.05

நன்றி அண்ணே, இதைவிடத் தெளிவாக எந்தக் கையேடும் சொல்லாது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். டூரி கெளுத்தி வகை. அதில் பெரிய கல் லாப்பில்லஸ், சாஜிட்டா ஊசி மாதிரி மெலிந்திருக்கும். ஆகவே கெளுத்தியில் நாங்கள் எண்ணுவதும் லாப்பில்லஸ்தான். சுறாவுக்கும் திருக்கைக்கும் காதில் மணல் போன்ற துகள்கள் மட்டுமே. அவற்றுக்கு முதுகெலும்பை அறுத்து வளையம் பார்ப்பார்கள். கிரீன்லாந்து சுறாவுக்கு அதுவும் உதவாமல், கண் வில்லையின் நடுவில் உள்ள கார்பனை அளந்தார்கள். 2016இல் வெளிவந்த முடிவின்படி அந்தச் சுறா குறைந்தது 272 ஆண்டுகள் வாழக்கூடியது.

இப்போது ரவி அண்ணனுக்கு. வெப்பக் கடல் மீனுக்கு வருட வளையமே கிடையாது என்று ஆய்வாளர்களும் நிறையப் பேர் ரொம்ப நாள் நம்பினார்கள். அதனால்தான் 1980 வாக்கில் டேனியல் பாலி போன்றவர்கள் எலெஃபான் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். ஆயிரக்கணக்கான மீன்களின் நீளத்தை மாதா மாதம் அளந்து, அந்த நீளக் கூட்டங்கள் நகர்வதை வைத்து வளர்ச்சியைக் கணக்கிடுவது. அவர் இருந்த மணிலா நிறுவனம்தான் 2000இல் தலைமையகத்தை இங்கே பினாங்குக்கு மாற்றியது. இன்று வேர்ல்ட்ஃபிஷ் என்று நம் பத்து மாவுங்கில் இருப்பது அதே நிறுவனம்.

நீளத்தை வைத்துப் பார்ப்பது கெம்போங் (அயிலை) மாதிரிச் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் சாகும் மீனுக்கு ஓரளவு சரி. ஜெனாஹாக் குடும்பத்துக்குச் சரிவராது. பத்து வயது மீனும் இருபது வயது மீனும் ஒரே நீளத்தில் இருக்கும், நீளத்தால் அவற்றைப் பிரிக்கவே முடியாது. அப்புறம்தான் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் கல்லை மெல்லியதாக அறுத்துப் பார்த்தார்கள். லுட்ஜானஸ் மலபாரிக்கஸ், லுட்ஜானஸ் எரித்ரோப்டெரஸ், லுட்ஜானஸ் செபே என்ற மூன்று சிவப்பு மீன்கள். மூன்றும் நம் பசாரில் ஈக்கான் மேரா என்று விற்பவைதான். பிடித்த மீனுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் மருந்து ஊசி போட்டு, அடையாளம் கட்டிக் கடலில் விட்டு, பின்னர் திரும்பப் பிடித்தார்கள். அந்த மருந்து ஊசி போட்ட நாளில் கல்லில் படிந்து, புற ஊதா வெளிச்சத்தில் மின்னும். அந்தக் கோட்டுக்கு வெளியே எத்தனை வளையம் விழுந்திருக்கிறது என்று பார்த்தால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். வருடத்துக்கு ஒன்றுதான் விழுந்திருந்தது.

2020இல் வெளிவந்த இன்னோர் ஆய்வையும் சொல்ல வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ரௌலி ஷோல்ஸ் பவளத்திட்டில் 2016இல் பிடித்த ஒரு மிட்நைட் ஸ்னாப்பருக்கு 81 வயது. அதே இடத்தில் லுட்ஜானஸ் போஹார் இனத்து மீன் ஒன்றுக்கு 79. இரண்டும் வெப்பக் கடல் மீன்கள், ஜெனாஹாக்கின் சொந்தக்காரர்கள். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்தபோது அந்த இரண்டு மீன்களும் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன. இதைப் படித்த நாளிலிருந்து பசாரில் பெரிய ஈக்கான் மேராவைப் பார்த்தால் நான் நின்றுவிடுகிறேன்.

கிள்ளான் ரவி | திங்கள் இரவு 8.30

படித்தேன். அந்த ஊசி முறை நல்ல ஆதாரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பவளத்திட்டு இருப்பது 17, 18 டிகிரியில். அங்கே குளிர் மாதமும் சூட்டு மாதமும் தண்ணீரில் தெரியும். மலாக்கா நீரிணையில் அந்த வித்தியாசம் கொஞ்சம்தான். அங்கே நிரூபித்ததை இங்கே அப்படியே தூக்கி வைக்க முடியுமா?

கெலுகோர் கவிதா | திங்கள் இரவு 9.10

முடியாது, அதில் நான் உங்கள் பக்கம்தான். எந்த இனமோ எந்தக் கடலோ, அந்த இடத்திலேயே சரிபார்க்க வேண்டும். ஆனால் கோடு விழக் குளிர் மட்டும் காரணம் கிடையாது. முட்டையிடும் பருவத்தில் மீனின் சக்தி அந்தப் பக்கம் போய் வளர்ச்சி குறைகிறது. தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று, மழையால் உப்புக் குறைவது, அதனால் இரை கூடுவது குறைவது, எல்லாவற்றுக்கும் வருடக் கணக்கு உண்டு. நம் கடலில் கோடு மங்கலாக இருக்கலாம், ஆனால் விழுவதற்குக் காரணம் இருக்கிறது.

பசார் அக்கா | செவ்வாய் காலை 11.45

கடையைக் கட்டிவிட்டு இப்போதுதான் படிக்கிறேன். கவிதா, எனக்கு ஒரு சந்தேகம்மா. நாங்கள் அதிகம் விற்பது கெம்போங். அது இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் இருக்காது என்கிறார்கள். அதில் வளையமே ஒன்றோ இரண்டோதானே வரும்? அதை வைத்து என்ன தெரிந்துகொள்வது?

கெலுகோர் கவிதா | செவ்வாய் மதியம் 2.30

அக்கா, அதில்தான் பெரிய அதிசயம் இருக்கிறது. 1971இல் ஜார்ஜியோ பன்னெல்லா என்பவர் சயன்ஸ் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். வருட வளையங்களுக்கு நடுவே இன்னும் மெல்லிய கோடுகள் இருக்கின்றன, எண்ணினால் ஏறக்குறைய 360 வருகிறது, ஆகவே அவை நாள் கோடுகள் என்றார். பதினான்கு நாளுக்கு ஒரு முறை, மாதத்துக்கு ஒரு முறை என்று நிலவோடு சேர்ந்த அடுக்குகளையும் காட்டினார். பகல் இரவுக்கு ஏற்பக் கல்லில் சுண்ணாம்பும் புரதமும் மாறி மாறிப் படிகின்றன. பகலும் இரவும் பினாங்கிலும் உண்டு, குளிர்காலம் தேவையில்லை.

அதனால் கெம்போங் குஞ்சின் வயதை நாளில் சொல்லலாம். பிடித்த தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் முட்டை பொரித்த வாரம் தெரியும், அந்த வாரம் மழையா வெயிலா, நிலவு எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். இனத்தைப் பொறுத்து முதல் கோடு பொரித்த அன்றோ, முதல் இரை தின்ன அன்றோ விழும், அதைத் தெரிந்துவைத்துத்தான் எண்ண வேண்டும். வேலை கடினம். கல் ஒரு மணல் பருக்கை அளவு, கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. கண்ணாடிச் சில்லில் ஒட்டி, மிக நைசான தேய்ப்புத் தாளில், தண்ணீர் விட்டு, கல் வளரத் தொடங்கிய நடுப்புள்ளியான நடுக்கரு தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஓர் இழுப்பு அதிகமானால் நடுக்கரு போய்விடும், முதல் சில வாரங்களும் அதோடு போய்விடும். வளர்ந்த மீனில் கோடுகள் நெருங்கி, நாள் கணக்கு எடுபடாது.

நிபோங் திபால் கூண்டு | செவ்வாய் இரவு 7.15

கூண்டில் சியாக்காப் (கொடுவா மீன்) வளர்க்கிறோம். நாலு வயது என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், எங்களைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். நாங்கள் தினமும் தீனி போடுகிறோம், மீன் வேகமாக எடை போடுகிறது. அந்த வேகத்தை வைத்துக் கடலில் பிடித்த ஜெனாஹாக்கை அளப்பது தப்பு. அது வேறு மீன், தானே தேடித் தின்ன மீன். தீனி குறைத்த குளத்தில் அதே சியாக்காப் சின்னதாகவே இருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்று. சியாக்காப் ஆணாகத் தொடங்கி, வளர்ந்த பிறகு பெண்ணாகும். கெராப்பு நேர்மாறு, பெண்ணாக இருந்து ஆணாகும். பெரிய சியாக்காப்பைப் பிடித்தால் அநேகமாக அது முட்டையிடும் தாய். வயது தெரிவது இதற்காகவும் முக்கியம் என்று நினைக்கிறேன்.

பினாங்கு தூண்டில் | புதன் இரவு 10.20

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கல்லில் ஒன்றை உடைத்துப் பார்த்தேன். இப்படி உடைத்துச் சுடும் முறை ஒன்று உண்டென்று கவிதா தனிச்செய்தியில் சொன்னார். நடுக்கரு இருக்கும் இடத்தில் குறுக்கே உடைத்து, உடைந்த முகத்தைச் சாராய விளக்கில் பழுப்பாகும்வரை காட்டி, மேலே ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் தடவி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். சூட்டில் புரதம் அதிகமுள்ள அடுக்கு கருகிக் கோடாகத் தெரிகிறது. வெயிலில் எதுவும் தெரியாத அதே கல்தான்!

நடுவில் அகலமான கோடுகள், ஓரத்துக்குப் போகப் போக நெருக்கம். நான் எண்ணியது 12. மனைவி எண்ணியது 14. அப்படியென்றால் படகில் சொன்ன நாலு ஐந்து எங்கே போனது?

கெலுகோர் கவிதா | வியாழன் காலை 8.00

கையைச் சுட்டுக்கொள்ளாமல் முடித்ததே பெரிய விஷயம். 12, 14 என்று வந்ததில் ஆச்சரியமில்லை, ஆய்வகத்திலும் இரண்டு பேர் எண்ணினால் இப்படித்தான் வரும். முதல் வளையம் எது என்பதில் குழப்பம் வரும், குஞ்சு இடம் மாறும்போதும் இரை மாறும்போதும் பொய்க்கோடு விழும். ஓரத்தில் நெருக்கமான கோடுகளில் ஒன்றிரண்டு தப்பும். மெல்லிய வில்லையாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஓரத்தில் இன்னும் சில கோடுகள் கூடலாம், குறைய வாய்ப்பு கம்மி.

நாங்கள் கடைப்பிடித்த ஒழுங்கு இது. எண்ணுகிறவருக்கு மீனின் எடையும் நீளமும் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் அதற்கேற்ற எண்ணைத் தேடும். சில வாரம் விட்டு மறுபடி எண்ண வேண்டும், முதல் எண்ணைப் பார்க்காமல். வெளிச்சத்தையும் குறித்துவைக்க வேண்டும். அடியிலிருந்து வெளிச்சம் விட்டால் ஒளி புகாத பட்டை கறுப்பாகத் தெரியும், கறுப்புத் தட்டில் வைத்து மேலிருந்து விட்டால் அதே பட்டை வெள்ளையாகத் தெரியும். இதைக் குறிக்காமல் ஒருவர் கறுப்பையும் இன்னொருவர் வெள்ளையையும் எண்ணிச் சண்டை போடுவார்கள்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஆரஞ்சு ரஃபி என்ற ஆழ்கடல் மீனின் கதை அப்படி. 1970களின் கடைசியில் நியூசிலாந்தில் பெரிய அளவில் பிடிக்கத் தொடங்கினார்கள். இருபது முப்பது வருடம் வாழும் மீன் என்று முதலில் நினைத்தார்கள். 1991இல் கல்லில் உள்ள ஈயத்தையும் ரேடியத்தையும் அளந்து பார்த்தபோது, நூறு வருடத்துக்கு மேல் வாழும் என்று தெரிந்தது. குஞ்சு பொரிக்கும் வயதுக்கு வரவே இருபது முப்பது வருடம் ஆகும் மீன். தெரிவதற்குள் பல இடங்களில் கூட்டமே அழிந்துவிட்டது. 2006இல் ஆஸ்திரேலியா அதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது.

கிள்ளான் ரவி | வியாழன் மதியம் 12.40

இந்தக் கதை என்னைத் தொட்டது. அப்படியென்றால் நம் நீரிணை ஜெனாஹாக்குக்கு யாராவது சரிபார்த்தே ஆக வேண்டும். 1950, 60களின் அணுகுண்டுச் சோதனையால் கடலில் கூடிய கார்பன்-14ஐக் கல்லின் நடுக்கருவில் அளந்து வயதை உறுதிசெய்யலாம் என்று படித்தேன். அதற்கெல்லாம் பெரிய கருவி வேண்டும். நம்மால் செய்ய முடிந்தது ஏதாவது இருக்கிறதா?

கெலுகோர் கவிதா | வியாழன் மாலை 5.30

இருக்கிறது, பணமும் அதிகம் வேண்டாம், பொறுமை வேண்டும். ஓரத்தைப் பார்க்கும் முறை. ஒரே இனத்தின் கற்களை மாதா மாதம், வருடம் முழுக்கச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் எத்தனை கல்லின் ஓரத்தில் கோடு புதிதாக விழுந்திருக்கிறது, எத்தனையில் இடைவெளி அகன்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வருடத்தில் ஒரே ஒரு பருவத்தில் மட்டும் புதுக்கோடு தெரிந்தால் அது வருட வளையம். இரண்டு பருவத்தில் தெரிந்தால் நம் எண்ணை இரண்டால் வகுக்க வேண்டும், 12 என்பது ஆறாகிவிடும். ரவி அண்ணனின் சந்தேகத்துக்கு நேரான பதில் அங்கேதான் கிடைக்கும்.

பத்து மாவுங் படகு | வியாழன் இரவு 9.00

என் பங்குக்குச் சொல்கிறேன். ஆறு கிலோ ஜெனாஹாக் முன்பு சாதாரணம், இப்போது அப்படி இல்லை. பெரிய மீனுக்கு எடையைவிட வேகமாக முட்டை கூடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஆய்வுகளும் பெரும்பாலான மீனுக்கு அதைத்தான் சொல்கின்றன. பன்னிரண்டு வருடம் தப்பித்து வந்த ஒன்றைத் தூக்கிவிட்டு, அடுத்த வருடம் வந்துவிடும் என்று இருக்கக்கூடாது. ஆனால் விடுவதும் சுலபமில்லை. ஆழத்திலிருந்து வேகமாக இழுத்தால் காற்றுப்பை உப்பி, வயிறு வாய் வழியாக வரும். அப்படியே விட்டால் மிதந்து செத்துப்போகும். கனமான ஈயத்தைத் தாடையில் மாட்டி, அடி வரை இறக்கி விடுகிற கொக்கி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் படகுக்கு வந்து பாருங்கள்.

பசார் அக்கா | வெள்ளி மதியம் 12.10

ஜெனாஹாக் தலை மாதா மாதம் என்னிடம் வரும். தலையைக் கேட்டு வாங்குகிறவர்களுக்குக் கல் வேண்டாம்தானே. படகு அண்ணன் சொன்ன மாதிரி அடியிலிருந்து எடுத்துத் தருகிறேன். எப்படி வைக்க வேண்டும், என்ன எழுத வேண்டும்?

கெலுகோர் கவிதா | வெள்ளி மாலை 6.45

அக்கா, ரொம்ப நன்றி. சவ்வைத் துடைத்து, தண்ணீரில் கழுவி, காயவைத்து, சின்னக் காகித உறையில் போடுங்கள். ஈரமாகப் பிளாஸ்டிக்கில் வேண்டாம், புளி, வினிகர், ஃபார்மலின் எதுவும் வேண்டாம். உறையின் மேல் தேதி, எந்தப் பக்கக் கடலில் பிடித்தது, முழு நீளம், எடை. வயிறு திறந்திருந்தால் முட்டை இருந்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள். இடது கல், வலது கல் இரண்டும் ஒரே உறையில் இருக்கட்டும், ஒன்று உடைந்தால் இன்னொன்று இருக்கும். நீளம் தெரியாத தலைக்கும் உறை போடுங்கள், ஓரம் பார்க்க அதுவும் உதவும். நீளத்தையும் எடையையும் நானும் ரவி அண்ணனும் எண்ணி முடித்த பிறகு பார்க்கிறோம். அண்ணே, சம்மதம்தானே?

கிள்ளான் ரவி | வெள்ளி இரவு 8.05

சம்மதம். உருப்பெருக்கிக் கண்ணாடி போதாது, பழைய நுண்ணோக்கி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் பினாங்குக்கு வரும்போது எடுத்து வருகிறேன்.